பிலிகுண்டுலு கணக்கு

மேட்டூர் நீர்வரத்து எவ்வளவு என்று செய்தியில் சொல்லும்போது தஞ்சை விவசாயி காதைத் தீட்டிக்கொள்கிறார். அந்தக் காவிரித் தண்ணீரைத் தமிழக எல்லையிலேயே அளந்துவிடுகிறார்கள். ஒகேனக்கலுக்கு மேலே, மலைக்காட்டுக்குள் இருக்கும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இயங்குகிறது.

ஓடுகிற ஆற்றை எப்படி அளப்பது?

ஆற்றின் அகலத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆழம் பார்ப்பார்கள். பிறகு சின்னச் சின்னக் கிண்ணங்கள் பொருத்திய நீரோட்டமானியைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். ஓட்டம் தள்ளத் தள்ளக் கிண்ணங்கள் சுழலும்; அந்தச் சுற்றுகளை எண்ணினால் வேகம் தெரியும். மேலே ஓட்டம் கூடுதல், அடியில் பாறை உரசுவதால் குறைவு. அதனால் ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு கீழே வைத்துப் பார்ப்பது வழக்கம். சராசரி வேகம் ஏறக்குறைய அங்கேதான் கிடைக்கும். வேகத்தைப் பரப்பால் பெருக்கி, எல்லாப் பகுதிகளையும் கூட்டினால் விநாடிக்கு இத்தனை கன அடி என்று வந்துவிடும். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி.

2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று தீர்ப்பளித்ததும் பிலிகுண்டுலு அளவை வைத்துத்தான். குறுவைக் காலமான ஜூனில் 9.19, ஜூலையில் 31.24 டிஎம்சி அங்கே வந்து சேர வேண்டும்.