தைராய்டு கட்டி: கத்தி வைக்காமல் வெப்பத்தாலேயே சுருக்க முடியுமா? யாருக்கு இது சரிவரும்?

ஆபீஸ் ஹெல்த் செக்-அப் ரிப்போர்ட்டில் 'தைராய்டில் கட்டி' என்று ஒரு வரி. அன்றைக்குத் தூக்கம் போச்சு. வீட்டில் ஒருவர் "உடனே ஆபரேஷன் பண்ணிடு" என்கிறார். இன்னொருவர் "கத்தியே வேணாமாம், சூடு வச்சே கரைச்சிடலாமாம்" என்கிறார். யார் சொல்வது சரி?

முதலில் ஒரு ஆறுதல். தைராய்டு கட்டிகள் ரொம்பவே சாதாரணம். 100 கட்டிகளில் 90-க்கும் மேற்பட்டவை புற்றுநோய் அல்ல. தொந்தரவு தராத கட்டிக்குப் பெரும்பாலும் சிகிச்சையே தேவையில்லை, அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும். விழுங்கும்போது தடை, கழுத்தில் அழுத்தம், வெளியே தெரியும் வீக்கம் என்று வரும்போதுதான் சிகிச்சை பற்றி யோசிக்க வேண்டும்.

வெப்பம் என்ன செய்கிறது?

இந்தச் சிகிச்சையின் பெயர் ரேடியோ ஃப்ரீக்வென்சி அப்லேஷன், சுருக்கமாக ஆர்.எஃப்.ஏ. தைராய்டுக்கான இந்த முறையைச் செம்மைப்படுத்தியதில் தென் கொரிய மருத்துவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

கழுத்துப் பகுதி மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். பிறகு அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடியே, ஊசி போன்ற மெல்லிய மின்முனையைக் கட்டிக்குள் செலுத்துவார்கள். அதன் நுனியில் பாயும் மின்சாரம் சுற்றியுள்ள திசுவை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கும். அந்தச் சூட்டில் செல்கள் இறந்துவிடும். நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கட்டியைப் பகுதி பகுதியாகச் சுடுவார்கள். பலர் அன்றே வீடு திரும்பலாம்.

ஆனால் கட்டி அன்றே மறைந்துவிடாது. இறந்த திசுவை உடல் மெல்ல அகற்ற வேண்டும். 6 மாதம் முதல் ஓராண்டுக்குள் கட்டியின் கன அளவு பாதிக்கு மேல் குறைவது வழக்கம்.

லாபம் என்ன, ரிஸ்க் என்ன?

ஆபரேஷனில் தைராய்டை முழுசாக எடுத்தால், வாழ்நாள் முழுக்கத் தினமும் தைராக்ஸின் மாத்திரை போட வேண்டும். பாதி எடுத்தவர்களிலும் சிலருக்கு மாத்திரை தேவைப்படும். ஆர்.எஃப்.ஏ-வில் சுரப்பி அப்படியே இருக்கும், கழுத்தில் தழும்பும் விழாது.

ரிஸ்க் இல்லாமல் இல்லை. குரலை இயக்கும் நரம்பு தைராய்டுக்குப் பின்னால்தான் ஓடுகிறது. அதில் சூடு பட்டால் குரல் மாறலாம். அதனால்தான் சிகிச்சையின் நடுவே மருத்துவர் உங்களிடம் பேச்சுக் கொடுத்துக் குரலைக் கவனிப்பார். ரத்தக்கசிவு, தோலில் தீக்காயம் போன்றவையும் அரிதாக நடக்கும். ஓரத்தில் மிச்சமிருக்கும் திசு மறுபடி வளர்ந்தால், இன்னொரு முறை செய்ய வேண்டிவரலாம்.

முக்கியமான சிக்கல்

வெட்டி எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் வைத்து முழுசாகப் பரிசோதிக்கலாம். சுட்ட கட்டியை அப்படிப் பார்க்க முடியாது. எனவே 'இது புற்றுநோய் இல்லை' என்பது முன்கூட்டியே உறுதியாக வேண்டும். இதற்காகப் பொதுவாக 2 முறை ஊசிப் பரிசோதனை செய்வார்கள். ஃபாலிகுலர் வகைக் கட்டியில் இந்தப் பரிசோதனையால் முடிவு சொல்ல முடியாது. அங்கே ஆபரேஷன்தான் பதில் தரும்.

புற்றுநோய் என்றால்?

1 செ.மீ-க்குள் இருக்கும், பரவாத பாப்பில்லரி வகைக்குச் சில மையங்களில் ஆர்.எஃப்.ஏ செய்கிறார்கள். ஆனால் 'கவனித்துக் காத்திருப்பது' என்ற வழியும் உண்டு. ஜப்பானின் கோபே நகரில் உள்ள குமா மருத்துவமனை 1993 முதல் இதைச் செய்துவருகிறது. அங்கே பெரும்பாலானோருக்குக் கட்டி வளரவே இல்லை. தென் கொரியாவில் ஸ்கேன் பெருகியதால், 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993-ஐவிட 15 மடங்கானது. இறப்பு விகிதமோ மாறவில்லை.

அதனால் மருத்துவரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது "எந்தச் சிகிச்சை?" என்பதல்ல, "இந்தக் கட்டிக்குச் சிகிச்சை தேவையா?" என்பதுதான். தேவை என்றால், "இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கீங்க?" என்றும் தயங்காமல் கேளுங்கள்.