காருக்குள் ஒரு குக்கர்!

கார் விஷயமென்றால் நம்மில் பலர், "அதெல்லாம் அவர் பார்த்துப்பார்" என்று ஒதுங்கிவிடுகிறோம். ஓட்டத் தெரியும், பெட்ரோல் போடத் தெரியும். முன்பக்கத்து பானெட்டைத் தூக்கச் சொன்னால் மட்டும் ஒரு தயக்கம். ஆனால் அதற்கடியில் செய்ய வேண்டிய சில வேலைகளுக்கு, சமையலறையில் பழகிய கைதான் ரொம்பப் பொருத்தம் என்பேன். ரேடியேட்டரிலுள்ள பழைய கூலண்ட்டை இறக்கிவிட்டுப் புதிதாக நிரப்புவது அப்படி ஒரு வேலை. எங்கள் வீட்டுச் சின்னக் காருக்கு அதை நான்தான் செய்கிறேன். "ஏம்மா, காருக்கும் எண்ணெய் ஸ்நானமா?" என்று என் மாமியார் கேலி செய்வார். ஏறக்குறைய அப்படித்தான், சூட்டைத் தணிக்கிற சமாசாரம்தானே!

கூலண்ட் எதற்கு?

என்ஜினுக்குள் பெட்ரோல் எரியும்போது உண்டாகும் சூட்டை வாங்கிக்கொண்டு போய், ரேடியேட்டரில் காற்றிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிற திரவம்தான் கூலண்ட். பெரும்பாலும் இது எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனமும் தண்ணீரும், துருப்பிடிக்காமல் காக்கும் சில மருந்துகளும் சேர்ந்த கலவை.

"நம்ம ஊரில் பனியா உறைகிறது? வெறும் தண்ணீர் போதாதா?" என்று கேட்பீர்கள். அம்பாஸடர் காலத்தில் பலரும் தண்ணீர் ஊற்றியேதான் ஓட்டினார்கள். ஆனால் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் கொதிக்க 106 டிகிரிக்கு மேல் ஆகும். போதாததற்கு, ரேடியேட்டர் மூடியும் குக்கர் வெயிட் மாதிரி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் கொதிநிலையை இன்னும் ஏற்றிவிடுகிறது. கத்திரி வெயிலில் நெரிசலில் மாட்டிக்கொள்ளும்போது இதன் அருமை தெரியும்.

நாளாக ஆக, துருவைத் தடுக்கும் மருந்துகள் தீர்ந்துபோகும். சில வகைகளை 2 வருஷத்தில் மாற்ற வேண்டும். நீடித்து உழைக்கும் வகைகள் 5 வருஷமோ அதற்கு மேலோ தாங்கும். உங்கள் காருக்கு எது, எவ்வளவு என்பது காரோடு வந்த புத்தகத்தில் இருக்கும். பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒத்துவராத இரண்டு வகைகளைக் கலந்தால் கூழ்மாதிரி கட்டிக்கொண்டு அடைத்துவிடும். ஹைப்ரிட், மின்சாரக் கார்களை மட்டும் சர்வீஸ்காரரிடமே விட்டுவிடுங்கள்.

முதல் பாடம்: ஆறவிடுங்கள்

வெயிட் ஆடிக்கொண்டிருக்கும் குக்கரை யாராவது திறப்போமா? சூடான ரேடியேட்டரும் அதே ஜாதிதான். மூடியைத் திறந்தால் கொதிக்கும் திரவம் முகத்தில் பீச்சியடிக்கும். ஆகவே ராத்திரி முழுக்க நிறுத்திய காரில், விடியற்காலையில் ஆரம்பியுங்கள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், துப்பட்டாவைக் கழற்றிவிடுங்கள், பின்னலை முடிந்துகொள்ளுங்கள். ரேடியேட்டர் விசிறி திடீரென்று தானாகவே சுழலும். சில கார்களில் சாவியை அணைத்த பிறகும் சுழலும்.

செய்முறை

1. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு அண்டை கொடுங்கள். ஜாக்கி வைத்துத் தூக்கிய காருக்கு அடியில் நுழையவே கூடாது.

2. ரேடியேட்டருக்கு நேர் கீழே ஒரு பழைய பேஸினை வையுங்கள். இந்த பேஸின் இனி வீட்டு வேலைக்கு ஆகாது.

3. தடித்த துணியால் மூடியைப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். சில கார்களில் ரேடியேட்டருக்கு மூடி இராது. பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் மூடியே அந்த வேலையைச் செய்யும்.

4. ரேடியேட்டரின் அடியிலுள்ள வடிகுழாய்த் திருகைத் தளர்த்துங்கள். பெரும்பாலும் பிளாஸ்டிக், முரட்டுத்தனம் கூடாது. திருகு இல்லையென்றால் கீழ் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்த வேண்டும்.

5. வடிந்ததைப் பாருங்கள். தெளிவாக இருந்தால் நல்லது. பழுப்பாக இருந்தால் துரு. பால் மாதிரி கலங்கியோ எண்ணெய் மிதந்தோ இருந்தால் மேலே தொடராமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

6. பழுப்பாக இருந்தால் திருகை மூடி, பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரை நிரப்பி, ஹீட்டரைச் சூட்டுப் பக்கம் திருப்பிப் பத்து நிமிஷம் என்ஜினை ஓட்டுங்கள். நன்றாக ஆறவிட்டு வடியுங்கள். தெளியும்வரை இதே மாதிரி. போர் தண்ணீர் வேண்டாம். வெந்நீர்த் தவலையில் படிகிற அதே உப்பு ரேடியேட்டரிலும் படியும்.

7. இனி நிரப்புவது. கலந்தே விற்கும் கூலண்டானால் தண்ணீர் சேர்க்க வேண்டாம். கெட்டியாக விற்பதானால், புத்தகத்தில் போட்டிருக்கும் மொத்த அளவில் பாதிக்கு அதை முதலில் ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். அலசிய தண்ணீர் கொஞ்சம் என்ஜினுக்குள் தங்கியிருக்கும். அதற்காகத்தான் இந்தக் கணக்கு. மெதுவாக ஊற்றினால் காற்று சிக்காது.

8. திறந்த வெளியில், மூடி போடாமல் என்ஜினை ஓடவிடுங்கள். குமிழி வந்து மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே வாருங்கள். மேல் ஹோஸ் சுட ஆரம்பித்தால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். குமிழி நின்றதும் மூடியை இறுக்குங்கள். பக்கத்து டப்பாவில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் மட்டம் நிற்கட்டும். மறுநாள் காலை, ஆறிய காரில் மறுபடி மட்டத்தைப் பாருங்கள். தரையில் சொட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். சில கார்களில் காற்றை வெளியேற்றத் தனித் திருகு உண்டு. புத்தகம் சொல்கிறபடி செய்யுங்கள்.

இனிக்கும் விஷம்

வேலை முடிந்ததென்று கை கழுவப் போகாதீர்கள். தாய்மார்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இனிமேல்தான். எத்திலீன் கிளைக்கால் தித்திப்பாக இருக்கும். நிறமோ சர்பத் மாதிரி! தவழ்கிற குழந்தைக்கு பேஸினில் இருப்பது என்னவென்று தெரியுமா? நாயும் பூனையும்கூட நக்கிவிடும்.

குடித்த உடனே பெரிதாக ஒன்றும் தெரியாமல் போகலாம். வாந்தி, தூக்கக் கலக்கம், குடித்தவர் மாதிரி தள்ளாட்டம், அவ்வளவுதான். ஆனால் சில மணி நேரத்தில் ஈரல் அதைக் கடுமையான அமிலங்களாக மாற்றிவிடும். அதில் ஒன்று உடம்பிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிச் சிறுநீரகத்தில் அடைத்துக்கொள்ளும், சிறுநீரகம் செயலிழந்துவிடும்.

குழந்தை ஒரு வாய் குடித்ததாகச் சந்தேகம் வந்தால்கூட, "நன்றாகத்தானே விளையாடுகிறது" என்று காத்திருக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, கூலண்ட் டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஈரல் அதை அமிலமாக மாற்றுவதைத் தடுக்கும் மருந்து உண்டு. சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

ஆகவே வேலை நடக்கும்போது குழந்தைகளை வீட்டுக்குள் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். டெலிபோன் வந்தாலும் பேஸினை விட்டு நகராதீர்கள். வடித்ததைப் பழைய கூலண்ட் கேனிலேயே ஊற்றி, மூடி, "விஷம்" என்று எழுதி ஒட்டுங்கள். தண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஒருநாளும் ஊற்றாதீர்கள். சாக்கடையிலும் செடியிலும் கொட்டாமல், கழிவு எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பாகப் பார்த்து விசாரித்துக் கொடுத்துவிடுங்கள். சிந்தியதை மண்ணோ மரத்தூளோ போட்டு ஒற்றி எடுத்து, அதையும் பத்திரமாகக் கட்டி வையுங்கள். அப்புறம் தரையை நிறையத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

மிச்சமிருக்கும் புது கூலண்ட் பூட்டிய அலமாரியில், மேல் தட்டில். அதைப் பூட்டிவிட்டு வந்து அப்புறம் காப்பி குடியுங்கள்!