பாதை மாற்றும்போது வண்டி நிற்கக் கூடாது

சிவில் டிப்ளமா படித்துவிட்டு இரயில்வேயில் இருப்புப் பாதைப் பிரிவில் காலம் கழித்தவன் நான். ஓய்வு பெற்ற பின் பொழுதுபோக்காக இணையதளம் அமைக்கக் கற்றுக்கொண்டேன். சென்ற ஆண்டு மாட்டுங்காவில் காப்பித்தூளும் அப்பளமும் விற்கும் நண்பர் ஒருவரின் பழைய தளத்தைப் புதுப்பித்துக் கொடுத்தேன். நம் மக்களில் சிறு தொழில் செய்வோர் பலர் என்பதால், அதில் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

"தளம் இருக்கிறது, ஆனால் ஆர்டர் வரவில்லை. மூடிவிடலாம் என்கிறான் மகன்" என்றார் நண்பர். கைபேசியில் திறந்து பார்த்தோம். எழுத்துகள் எறும்பு வரிசை போலத் தெரிந்தன. தொலைபேசி எண் படத்துக்குள் இருந்ததால் தொட்டால் அழைப்பு போகவில்லை. முகப்பில் வெறும் கட்டம்தான் இருந்தது. அங்கிருந்த ஓடும் படம் ஃபிளாஷில் செய்தது. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷைக் கைவிட்டுவிட்டது. தமிழ் வரிகளோ தனி எழுத்துருவில் அடித்தவை, அந்த எழுத்துரு இல்லாத கருவியில் வெறும் கிறுக்கல். போதாததற்கு முகவரிக்கு அருகே "பாதுகாப்பற்றது" என்ற எச்சரிக்கை வேறு. இத்தகைய தளங்களுக்குக் குரோம் உலாவி 2018 ஜூலை முதல் இப்படி முத்திரை குத்துகிறது. இதைப் பார்த்த பிறகு எந்த வாடிக்கையாளர் பணம் அனுப்புவார்?

இவற்றைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இருந்தது. தளத்தின் பெயர் கடைக்காரர் பெயரில் இல்லை, முன்பு அமைத்துக் கொடுத்தவர் பெயரில் பதிவாகியிருந்தது. காலாவதியாக நாற்பது நாள்களே பாக்கி. புதுப்பிக்காமல் விட்டால், தந்தையார் காலத்திலிருந்து வரும் கடைப் பெயரை வேறொருவர் வாங்கிக்கொள்ள வழி உண்டு. பல முறை அலைந்து அதை நண்பர் பெயருக்கு மாற்றிய பிறகே மற்ற வேலையில் இறங்கினேன்.

ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கியது எச்.டி.எம்.எல். பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை அது சொல்லும். பார்வைக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதை 1996-இல் தரநிலையான சி.எஸ்.எஸ். சொல்லும். கட்டடமும் வெள்ளையடிப்பும் போல. அடிப்படையைக் கற்க ஒரு சாதாரண எழுத்துத் தொகுப்பியும் உலாவியும் போதும். திரையின் அகலத்துக்கேற்பப் பக்கம் தானே மாறி அமையும்படி எழுதினேன். தமிழை யூனிகோடில் மீண்டும் அடித்தேன். நான்கு மெகாபைட் இருந்த படங்களை 150 கிலோபைட் ஆக்கினேன். எச்சரிக்கையை நீக்கத் தேவையான சான்றிதழை 'லெட்ஸ் என்கிரிப்ட்' அமைப்பு இலவசமாகவே தருகிறது.

டிராஃபிக் பிளாக் வாங்காமல் தண்டவாளத்தில் கை வைக்க மாட்டோம். அதே வழக்கப்படி புதிய தளத்தைத் தனியிடத்தில் கட்டிச் சோதித்து, ஒரு ஞாயிறு நள்ளிரவில் மாற்றினேன். பழையதன் நகல் பத்திரமாக இருக்கிறது. நம் விக்டோரியா டெர்மினஸின் பெயர் 1996-இலும் 2017-இலும் மாறியது, இன்றும் "வி.டி." என்று கேட்பவர்க்கு டாக்சிக்காரர் வழி தெரிந்து அழைத்துப் போகிறார். அதுபோலப் பழைய பக்க முகவரிகளைத் தேடி வருவோரைப் புதிய பக்கத்துக்கு அனுப்ப '301' என்னும் திசைதிருப்பல் உண்டு. அதைச் செய்யாவிட்டால் பழைய வாடிக்கையாளர் வழி தெரியாமல் திரும்பிவிடுவார்.

பெரிய அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆனால் தீபாவளிக்கு முன் பூனாவிலிருந்தும் நாக்பூரிலிருந்தும் தொலைபேசி ஆர்டர்கள் வந்தன. மூடிவிடலாம் என்ற மகன்தான் இப்போது விலைப்பட்டியலை வாரந்தோறும் திருத்துகிறான்.

கடை வைத்திருக்கும் அன்பர்கள் இன்றே மூன்றைச் சரிபாருங்கள்: தளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகியுள்ளது, என்று காலாவதியாகிறது, கைபேசியில் எண்ணைத் தொட்டால் அழைப்பு போகிறதா. இதற்கு ஐந்து நிமிடம் போதும்.