கோழி முதலில் அறிந்த நஞ்சு

சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல் போகும்போது இரண்டு காட்சிகள் மாறி மாறி வரும். ஒன்று, கோழிப்பண்ணைகளின் நீளமான கொட்டகைகள். இன்னொன்று, மரச்செக்கு எண்ணெய்க் கடைகளின் பலகைகள். 'கொலஸ்ட்ரால் இல்லாதது', 'ரசாயனம் படாதது', 'சூடேறாமல் ஆட்டியது', 'தாத்தா காலத்துச் சுவை' என்று பலகைகள் நிறையவே பேசும். கடலெண்ணெய் நல்லதா கெட்டதா என்ற கேள்வியில் பாதிக்கான விடை எதிரே இருக்கும் கோழிக் கொட்டகையில் கிடைக்கும் என்பது பலருக்கும் தெரியாது.

பலகைகளை முதலில் பார்த்துவிடலாம். கொலஸ்ட்ரால் விலங்குகளின் உடலில் உண்டாவது. எந்தத் தாவர எண்ணெயிலும் அது பொருட்படுத்தும் அளவில் கிடையாது. அதைச் சொன்னால் பொய்யில்லை, பெருமைப்படவும் ஒன்றுமில்லை. தாத்தா காலம் என்பதும் தாத்தாவோடு நின்றுவிடுகிறது. நிலக்கடலை தென் அமெரிக்கப் பயிர். தமிழ்நாட்டில் அது பெரிய பரப்பில் பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். பிரான்சின் மார்சேய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளுக்காகப் புதுச்சேரித் துறைமுகம் வழியே மூட்டை மூட்டையாகக் கப்பலேறிய சரக்கு அது. தாத்தாவின் தாத்தா வீட்டுச் செக்கில் ஆடியது பெரும்பாலும் எள்ளாகவே இருந்திருக்கும்.

ரீபைண்டு எண்ணெய் விஷம் என்ற பேச்சிலும் கலப்படம் உண்டு. பிண்ணாக்கில் மிஞ்சும் எண்ணெயைப் பிரிக்க ஆலைகள் ஹெக்சேன் என்ற கரைப்பானைப் பயன்படுத்துவது உண்மை. அது சுமார் 69 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். மிஞ்சக்கூடியது பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது நம் நாட்டு விதி. கவலைப்பட வேண்டிய இடம் வேறு. மணம் நீக்குவதற்காக 200 டிகிரிக்கு மேல் சூடாக்கும் கடைசிக் கட்டத்தில், வேண்டாத சில சேர்மங்கள் உருவாகின்றன. பாமாயிலில் அவை அதிகம், கடலெண்ணெயில் குறைவு. செக்கெண்ணெயில் இந்தத் தொல்லை இல்லை. வைட்டமின் ஈ-யும் வாசனையும் கூடுதலாகத் தங்கும். இதுவரை செக்குக்கே வெற்றி என்றுதான் நானும் சொல்வேன்.

இனிமேல்தான் கணக்கு மாறுகிறது.

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகள் திடீரென்று செத்து விழத் தொடங்கின. சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் போயின. அறுத்துப் பார்த்தால் கல்லீரல் சிதைந்திருந்தது. கிருமி எதுவும் அகப்படவில்லை என்பதால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். வாத்துக் குஞ்சுகளும் சாகத் தொடங்கியபோது தீவனத்தின்மேல் சந்தேகம் விழுந்தது. தேடிப் போனவர்கள் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றார்கள். அதில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூசணம் இருந்தது. பூசணம் செத்த பிறகும் அது சுரந்த நஞ்சு பிண்ணாக்கிலேயே தங்கியிருந்தது. அந்தப் பூசணத்தின் பெயரையே சுருக்கி நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டார்கள். புற ஊதா விளக்கின்கீழ் வைத்தால் ஒரு வகை நீலமாக ஒளிர்ந்தது, இன்னொரு வகை பச்சையாக ஒளிர்ந்தது. அந்த நிறங்களின் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டே பி, ஜி என்று வகை பிரித்தார்கள். எல்லாவற்றிலும் கொடியது நீலமாக ஒளிரும் பி1. இந்த ஒளிர்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

நாமக்கல்லில் இந்தப் பெயர் பாடப்புத்தகச் சொல் அல்ல. முட்டை குறைந்தாலோ, கல்லீரல் வெளிறிக் கொழுத்தாலோ, தடுப்பூசி போட்டும் நோய் வந்தாலோ பண்ணைக்காரர் முதலில் சந்தேகப்படுவது தீவனத்தை. மாதிரி எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்துக்குப் போவார்கள். கோழித் தீவனத்தில் கடலைப் பிண்ணாக்கு பின்னுக்குப் போய் சோயாப் பிண்ணாக்கு முன்னுக்கு வந்ததற்கு இந்த நஞ்சு ஒரு முக்கியக் காரணம். கோழிக்கு என்ன போடுகிறோம் என்பதில் இருக்கும் இந்தக் கண்டிப்பு நம் தாளிப்புக் கரண்டிக்கு ஏனோ வரவில்லை.

கோழிக்குத்தானே என்று விட்டுவிடவும் முடியாது. 1974ஆம் ஆண்டு குஜராத், ராஜஸ்தான் பழங்குடிக் கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மஞ்சள் காமாலையோடு இறந்துபோனார்கள். ஒரே சமயத்தில் நிறையத் தின்றதன் விளைவு அது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல ஆண்டுகள் உள்ளே போனால் வேறு விதம். கல்லீரல் இந்த நஞ்சை வெளியேற்றுவதற்காக அதை மாற்றப் பார்க்கும். அப்படி மாறும்போது கிடைக்கும் வடிவம்தான் டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1987இலேயே இதைச் சேர்த்துவிட்டது. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் இருப்பவருக்கு இதே நஞ்சின் வீரியம் சுமார் 30 மடங்கு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். குழந்தைக்குப் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ஒரு வகையில் கடலெண்ணெய்க்கும் சேர்த்துப் போடுகிற ஊசி.

நஞ்சு செக்கில் உண்டாவதில்லை, ஆலையிலும் உண்டாவதில்லை. காட்டிலேயே தொடங்கிவிடுகிறது. ஆஸ்பர்ஜில்லஸ் மண்ணில் எப்போதும் இருப்பது. கடலைச் செடியோ பூத்த பிறகு காயை மண்ணுக்குள் இறக்கி வளர்க்கும் விசித்திரப் பிறவி. எதிரியின் வீட்டுக்குள்ளேயே பிள்ளை வளர்க்கிற அதற்குத் தற்காப்பும் உண்டு. பூசணம் தொட்டால் பருப்பு ஸ்டில்பீன் வகைப் பொருள்களைச் சுரந்து தடுக்கும். திராட்சைத் தோலில் இருப்பதாகப் பத்திரிகைகள் கொண்டாடும் ரெஸ்வெரட்ரால் அவற்றில் ஒன்று. ஆனால் அதைச் சுரக்கப் பருப்பில் ஈரம் வேண்டும். காய் முற்றும் கடைசி மாதத்தில் மழை ஏமாற்றி, மண்ணின் சூடு 30 டிகிரியை ஒட்டி நின்றால், பருப்பு மண்ணுக்குள்ளேயே வாடும், சுரப்பு நிற்கும். அந்தக் குறைந்த ஈரத்திலும் பூசணத்தால் வளர முடியும். இரண்டுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியில்தான் நஞ்சு நுழைகிறது.

ஆடிப்பட்டத்து மானாவாரிக் கடலைக்கு இன்னொரு கண்டமும் இருக்கிறது. பறிக்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும். நனைந்த காயைக் குவித்து வைத்தாலும், அரைகுறையாகக் காய்ந்ததை மூட்டை கட்டினாலும் பூசணத்துக்குக் கொண்டாட்டம். பருப்பின் ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். கருவியெல்லாம் வேண்டியதில்லை. காயைக் காதருகே குலுக்கிப் பார்த்து, உள்ளே பருப்பு கலகலவென்று உருண்டால்தான் மூட்டை கட்டுவார்கள் விவரம் தெரிந்தவர்கள்.

இந்த நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவியிருப்பதும் இல்லை. ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் என்ற விகிதத்தில் நஞ்சேறிய ஒற்றைப் பருப்புகளையே ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அரை கிராம் எடையுள்ள அப்படி ஒரு பருப்பு 10 கிலோ நல்ல கடலையில் விழுந்தால், மொத்தமும் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் ஆகிவிடும். எண்ணெய் வித்துகளுக்கு நம் நாட்டு வரம்பு 15 மைக்ரோகிராம். முறத்தை வைத்துக்கொண்டு சுருங்கியதும் நிறம் மாறியதும் சொத்தையுமாகப் பார்த்துப் பொறுக்கிப் போடும் பெண்களின் வேலை, எந்த இயந்திரத்துக்கும் குறையாத நஞ்சு நீக்கும் வேலை. ஆனால் பொறுக்கிப் போட்டது எங்கே போகிறது? தின்பதற்கு ஆகாத கடலை மலிவு விலைக்கு எண்ணெய் ஆட்டப் போவது வியாபாரத்தில் பழைய வழக்கம். செக்குக் கடையில் நான் கேட்க விரும்புவது மரம் வாகையா என்பதை அல்ல. 'கடலையைக் காட்டுங்கண்ணா' என்பேன்.

சொத்தையும் சேர்ந்தே ஆடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நஞ்சு எந்தப் பக்கம் போகும்? இங்கே வேதியியல் நம் பக்கம் நிற்கிறது. அஃப்ளாடாக்சின் எண்ணெயில் எளிதாகக் கரையாது, பருப்பின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே பெரும்பகுதி பிண்ணாக்கோடு போய்விடும். எண்ணெயோடு வருவது சிறு பங்கு. அதிலும் கொஞ்சம், எண்ணெயில் மிதந்து வரும் பருப்புத் தூளில் இருக்கும். தெளிந்த எண்ணெய்க்கும் கலங்கிய எண்ணெய்க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கு மட்டும் உரியதல்ல.

ரீபைண்டு ஆலையில் அந்தச் சிறு பங்கும் போய்விடுகிறது. புளிப்பு நீக்கக் காரம் சேர்க்கும்போது நஞ்சின் வளையங்களில் ஒன்று உடைந்து, நீரில் கரையும் உப்பாக மாறிக் கழுவப்படுகிறது. மீதியை நிறம் நீக்கும் களிமண் பிடித்துக்கொள்கிறது. அது பெண்டோனைட் வகைக் களிமண். ஏடு ஏடாக அடுக்கிய அதன் படலங்களுக்கு நடுவே தட்டையான நஞ்சு மூலக்கூறு நுழைந்து சிக்கிக்கொள்ளும். நாமக்கல் பண்ணைகளில் தீவனத்தோடு கலக்கும் 'டாக்சின் பைண்டர்' மூட்டைகளில் பலவும் இதே களிமண் குடும்பம்தான். ஆலையில் எண்ணெய்க்குச் செய்வதையே கோழியின் குடலுக்குள் செய்கிறார்கள். ஆக, இந்த ஒரு நஞ்சைப் பொறுத்தவரை ரீபைண்டு எண்ணெய்தான் செக்கெண்ணெயைவிடச் சுத்தம். செக்கு அபிமானிகளுக்குக் கசக்கும், என்ன செய்வது.

செக்கெண்ணெய்க்கும் ஒரு காவல் உண்டு, அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. ஆட்டி வந்த எண்ணெயை இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்துத் தெளிய விடுவது வழக்கம். கசடு இறங்கவும் ஈரம் போகவும் செய்த ஏற்பாடு. 1970களில் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் கடலெண்ணெயை வெயிலில் வைத்துச் சோதித்தபோது, அஃப்ளாடாக்சின் பெருமளவு அழிந்துபோவது தெரிந்தது. அடுப்பில் முடியாத காரியம் இது. பலகாரம் பொரிக்கும் எண்ணெய் 180 டிகிரியை ஒட்டி இருக்கும். பி1 நஞ்சு உருகவே சுமார் 268 டிகிரி வேண்டும். அடுப்பு அழிக்காததை வெயில் எப்படி அழிக்கிறது?

காரணம் சூடு இல்லை, ஒளி. இந்த மூலக்கூறு 360 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதா ஒளியை விழுங்கும். விழுங்கியதில் ஒரு பகுதியை நீல ஒளியாகத் திருப்பி விடுவதால்தான் ஆய்வகத்து விளக்கின்கீழ் பிடிபடுகிறது. நம் ஊர் வெயிலில் அதே புற ஊதா ஒளி தாராளமாக இருக்கிறது. விழுங்கிய ஆற்றல் முழுவதும் ஒளியாக வெளியேறாமல், சில வேளை மூலக்கூறின் பிணைப்பையே உடைத்துவிடுகிறது. தன்னைக் காட்டிக்கொடுக்கும் அதே பண்பால் அந்த நஞ்சு வெயிலில் அழியவும் செய்கிறது.

ஒளி என்று தெரிந்துவிட்டால் பாத்திரம் முக்கியமாகிறது. மூடிய தகர டின்னில் வைத்த எண்ணெய்க்குச் சூடுதான் கிடைக்கும், ஒளி கிடைக்காது. கண்ணாடிப் பாத்திரம் ஆகும். வாயகன்ற தாம்பாளத்தில் மெல்லிதாக ஊற்றி வைத்தால் இன்னும் நல்லது. ஆனால் அதே ஒளி எண்ணெயையும் விடாது. வைட்டமின் ஈ குறையும், நாள் கூடினால் காறல் வாடை எழும். தெளிந்ததும் உள்ளே எடுத்து இருட்டில் வைப்பதே சரி. கடை முகப்பில் மாதக்கணக்காக வெயில் காயும் பாட்டில்களை நான் வாங்க மாட்டேன்.

பிண்ணாக்குக்கு இந்த வெயில் வைத்தியம் சரிப்படாது. ஒளி அதன் மேல்தோலைத் தாண்டாது. வீட்டுக் கடலையைக் கொடுத்து ஆட்டி வாங்குபவர்கள் எண்ணெயைச் சமையலறைக்கும் பிண்ணாக்கைத் தொட்டிக்கும் அனுப்புகிறார்கள். பிண்ணாக்கு ஊறிய தண்ணீரை எருமை குடித்தால், 24 மணி நேரத்துக்குள் அந்த நஞ்சில் ஒரு சிறு பங்கு எம்1 என்ற உருவில் பாலுக்கு வந்துவிடும். பாலில் அதற்கு அனுமதித்த அளவு கிலோவுக்கு அரை மைக்ரோகிராம். காய்ச்சினாலும் உறை ஊற்றினாலும் அது பெரிதாகக் குறைவதில்லை.