உங்களுக்குத் தெரியுமா? மோகனூர் தந்த வழிநடைப் பாட்டு

‘ஜன கண மன’ தேசிய கீதமானது 1950 ஜனவரி 24-இல். அதற்கு 20 ஆண்டு முன்பே நாமக்கல் மண்ணின் பாட்டு ஒன்று தமிழகத்தை நடக்கவைத்தது.

■ 1930 ஏப்ரல் 13: ஆங்கிலேயரின் உப்புச் சட்டத்தை மீறி உப்பு எடுக்க, ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார்கள். ராஜாஜி, சேலத்தில் வக்கீலாகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர்.

■ அவர்களுக்கு வழிநடைப் பாட்டு எழுதியவர், நாமக்கல் அருகே மோகனூரில் 1888-இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. ஆயுதமே தொடாத போரைப் பாடும் பாட்டு. காலடிக்கு ஏற்ற சின்னச் சின்ன அடிகள்.

■ இவர் ஓவியரும்கூட. எம்.ஜி.ஆர். நடித்த ‘மலைக்கள்ளன்’ படத்தின் மூலக்கதை இவரது நாவல்தான்.

■ 1949-இல் அரசவைக் கவிஞர், 1971-இல் பத்மபூஷண்.

■ சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்கு இவர் பெயர்தான்: நாமக்கல் கவிஞர் மாளிகை.