கோவைக்கொடியும் ஓரறிவு உயிரும்

திருச்சானூரில் எனக்குக் கால் ஏக்கர் எலுமிச்சைத் தோட்டம் உண்டு. வியாபார அலைச்சலில் இரண்டு வருஷம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வேலியில் கிடந்த கோவைக்கொடி மரங்களின் மேலேறிப் போர்வையாக மூடிவிட்டது. வெயில் படாமல் மூன்று மரம் பட்டுப்போச்சு.

கோவை நமக்கு அந்நியமல்ல. புலவர்கள் இதழுக்கு உவமை சொன்ன பழம் இதுவே. இங்கே தெலுங்கில் கறிக்கோவையைத் தொண்டகாய் என்றும், வேலிக்கோவையைக் காகிதொண்ட என்றும் சொல்வார்கள். பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்புகின்றன. ஹவாய், குவாம் தீவுகளில் இதே கொடி மரங்களை மூடிப் பெருந்தொல்லை ஆயிற்று. 1990களில் ஹவாய்க்காரர்கள் கென்யாவிலிருந்து அதன் இயற்கைப் பகைப் பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டார்கள்.

நான் முதலில் அரிவாளால் அறுத்து மூலையில் குவித்தேன். ஐப்பசி மழை வந்ததும் அடி துளிர்த்தது. குவியலில் கிடந்த தண்டும் வேர் விட்டது. கூலிக்கு வந்த அம்மா சிரித்தார்: "மேலே அறுத்தா என்ன அய்யா, கிழங்கு உள்ளே உட்கார்ந்திருக்கே!"

நானோ தமிழ்ச் சமணன், கிழங்கு உண்ணாதவன். தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிராக வகுக்கிறது. தோண்டலாமா என்று மனம் தயங்கியது. பிறகு கணக்குப் பார்த்தேன். வருஷந்தோறும் அரைகுறையாக அறுத்தால் கொடிக்கும் வதை, அதில் குடியிருக்கும் பூச்சிக்கும் வதை, மரத்துக்கும் சாவு. ஒருமுறை முழுதாக எடுப்பதே குறைந்த இம்சை.

செய்த முறை இது. பழம் பழுக்குமுன், குருவிக்கூடு இல்லையென்று பார்த்து, அடியை அறுத்தோம். மரத்தின் மேலிருந்த கொடியை உடனே பிடித்து இழுக்கவில்லை. இழுத்தால் எலுமிச்சைக் கிளை ஒடியும். வாடியபின் துண்டு துண்டாக இறக்கினோம். மண் ஈரமாயிருந்தபோது கடப்பாரையால் கிழங்கை முழுசாகத் தோண்டினோம். தண்டையும் கிழங்கையும் மண்ணில் படாமல் மொட்டைமாடியில் சருகாகும்வரை காயவைத்து, பிறகே எருக்குழியில் போட்டோம். தப்பிப் பழுத்தவற்றைக் கறுப்புப் பையில் கட்டி வெயிலில் வைத்தோம். தீ வைக்கவில்லை, சருகுக்குள் எத்தனை உயிரோ!

அடுத்த மழையில் தலைகாட்டிய நாற்றுகளைக் கையாலேயே பிடுங்கினேன். எஞ்சிய எலுமிச்சைகள் மறுபடி பூத்தன. வாசல் பந்தலில் மட்டும் ஒரு கறிக்கோவை வைத்திருக்கிறேன். அதை வாரம் ஒருமுறை பார்க்கிறேன். கவனிப்பு நின்றால் நல்ல கொடியும் களையாகிவிடும்.