பூனையின் சமிபாடும் நீடித்த வயிற்று நோய்களும்

பாற்கடலைக் கண்ட பூனையொன்று அதனை முழுவதும் நக்கிக் குடித்துவிட முற்பட்டாற்போலத் தாம் இராமகாதையைப் பாடப் புகுந்ததாகக் கம்பர் தம் அவையடக்கத்திற் கூறுகின்றார். பூனையையும் பாலையும் இணைத்தே நினைக்கும் வழக்கம் நம்மவரிடை அத்துணைப் பழையது. உவமைக்கு இஃது அழகு செய்யலாம். பூனையின் குடலுக்கு நன்மை செய்வதன்று. தாய்ப்பால் மறந்த பூனையின் சிறுகுடலிலே, இலற்றோசு என்னும் பாற்சீனியைச் சிதைக்கும் நொதியம் படிப்படியாகக் குறைந்துபோகின்றது. சமிபாடடையாத பாற்சீனி குடலினுள் நீரை இழுத்துக்கொள்ளும். பெருங்குடலை அடைந்ததும் ஆங்குள்ள பற்றீரியாக்களால் நொதிப்படைந்து வாயுவை உண்டாக்கும். இதன் விளைவு வயிற்றோட்டமாம். எல்லாப் பூனைகளும் பாலால் வருந்துவதில்லை என்பது மெய்யே. எனினும், பூனைக்கு மாதக்கணக்காக வயிறு சரியில்லை என முறையிடுவோர் முதற்கண் பாற்கிண்ணத்தை அகற்றிப் பார்த்தல் தகும்.

பூனை ஊனுண்ணி என்பதை யாவரும் அறிவர். அதன் உடல் எத்துணைத் தூரம் ஊனையே நம்பி அமைந்துள்ளது என்பதைச் சிலரே அறிவர். அதன் உமிழ்நீரில் மாப்பொருளைச் சிதைக்கும் அமைலேசு இல்லை. சதையி சுரக்கும் அமைலேசும் சொற்பமே. இனிப்பை உணர்தற்கு வேண்டிய பரம்பரையலகொன்று பூனையினத்திற் செயலிழந்துள்ளதெனப் பிலடெல்பியா நகரத்து மொனெல் நிலைய ஆய்வாளர் 2005 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தோரின் என்னும் பொருளைப் போதிய அளவு தன்னுடலில் ஆக்கிக்கொள்ளப் பூனையால் இயலாது. அதனை ஊனிலிருந்தே பெறல் வேண்டும். அது குறைந்தாற் கண்ணின் விழித்திரை கெடும் என்பது 1975 இலும், இதயத் தசை தளரும் என்பது 1987 இலும் நிறுவப்பட்டன. நன்கு வெந்த சோறு சிறிதளவு சேர்வதாற் கேடில்லை. சோறே உணவாகி, மீன் அதற்கு வாசனையூட்டும் பொருளாகிவிடுவதே கேடு. குழம்பு பிசைந்த சோற்றில் வேறொரு தீங்கும் உண்டு: வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பன. பச்சை மீனே சிறந்ததென்று கருதுவோரும் உளர். சிலவகை மீன்களில் விற்றமின் பி 1 ஐ அழிக்கும் நொதியம் உண்டாதலின், அவற்றை அவித்துக் கொடுத்தலே முறை.

இனி, நீடித்த நோய் யாது என்பதைக் காண்போம். வாந்தியோ வயிற்றோட்டமோ மூன்று வாரங்களுக்கு மேலாகத் தொடர்ந்தோ விட்டுவிட்டோ நிகழுமாயின் அதனை நீடித்த நோயென்பர். பூனை வாந்தியெடுத்தலை அதன் சுபாவமென்றும், உடலை நக்கும்போது விழுங்கிய உரோமத்தின் விளைவென்றும் கூறி நாம் அமைதியடைகின்றோம். எப்போதோ ஒருமுறை உரோமத்திரளை வெளியே தள்ளுதல் இயல்பாகலாம். வாரந்தோறும் வாந்தியெடுத்தல் இயல்பாகாது. 2013 ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கிற்று. நீடித்த வாந்தி, வயிற்றோட்டம், உடல் மெலிவு ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ உடையனவும், ஸ்கான் படத்திற் சிறுகுடற் சுவர் தடித்துக் காணப்பட்டனவுமாகிய 100 பூனைகளின் குடலிலிருந்து சிறு துண்டுகள் எடுத்துச் சோதிக்கப்பட்டன. அவற்றுள் 49 பூனைகளுக்கு நீடித்த குடலழற்சியும், 46 பூனைகளுக்கு இலிம்போமா என்னும் புற்றுநோயும் இருந்தன. சுபாவமென விட்டுவிடத்தக்க காரியமோ இது?

பூனை தன் நோயை மறைக்கும் பிராணி. ஆதலால் வீட்டிலுள்ளோர்க்கு உற்ற துணை தராசே. 4 கிலோகிராம் நிறையுள்ள பூனை 400 கிராம் இழந்தால், அது தன் உடலிற் பத்திலொரு பங்கை இழந்ததாகும். அடர்ந்த உரோமத்தினால் அம்மெலிவு கண்ணுக்குப் புலப்படாது. ஒருவர் பூனையை ஏந்தித் தராசில் நின்று, பின் தனியே நின்று வேறுபாட்டைக் கணித்து, மாதந்தோறும் குறித்து வைத்தல் எளிது.

நோயின் தோற்றுவாய் எப்போதும் குடலிலேயே இருக்குமென்பதில்லை. பத்து வயது கடந்த பூனை நிறைய உண்டும் மெலிந்துபோகுமாயின், தைரொயிட்டுச் சுரப்பி மிகையாகச் சுரத்தலை ஐயுறல் வேண்டும். சிறுநீரக நோயும் வாந்தியை விளைவிக்கும். பூனையிற் பித்தக்கானும் சதையிக்கானும் ஒன்றுகூடியே முன்சிறுகுடலிற் திறப்பதனால், குடல், ஈரல், சதையி மூன்றும் ஒருங்கே அழற்சியுறுதலும் உண்டு. நம் நாட்டிற் குடற்புழுக்களை முதலில் நினைத்தல் தகும். வட்டப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டியை அடையும். கொழுக்கிப்புழுக்களுள் ஒன்று இலங்கையின் பெயரையே தாங்கி நிற்கின்றது. இலங்கைப் புனுகுப் பூனையொன்றிலிருந்து கிடைத்த அப்புழுவை லோஸ் என்னும் அறிஞர் 1911 இல் விவரித்தார். அது நாய், பூனை ஆகியவற்றோடு மனிதரையும் பற்றுமாதலின், பூனையின் மலத்தைச் சோதிப்பித்தல் வீட்டுக் குழந்தைகளுக்கும் காப்பாகும்.

புழு முதலியன இல்லையெனத் தெளிந்தபின் செய்யத்தக்கது உணவுச் சோதனை. மருந்தினும் இதுவே பெரும்பாலும் பயன்தருவதென்பது எம் கருத்து. நியூசீலாந்தின் மசே பல்கலைக்கழக ஆய்வாளர் 2001 இல் வெளியிட்ட ஆய்வில், காரணம் புலப்படாத நீடித்த வயிற்று நோயுள்ள 55 பூனைகளின் உணவு மாற்றப்பட்டது. 16 பூனைகள் குணமடைந்து, பழைய உணவைக் கொடுத்ததும் மீண்டும் நோயுற்றன; ஆகவே உணவே அவற்றின் நோய்க்குக் காரணமென்பது உறுதியாயிற்று. மேலும் 11 பூனைகள் குணமடைந்தன; பழைய உணவை மீண்டும் உண்டபோதும் அவை நோயுறவில்லை. பூனை முன்னர் உண்டறியாத ஒரே இறைச்சியைத் தெரிந்து, நாலைந்து நாட்களிற் சிறிது சிறிதாகப் பழைய உணவுக்குப் பதிலாக்கி, பின் இரண்டு வாரம் அதனை மாத்திரமே கொடுத்தல் வேண்டும். மீனும் கோழியும் உண்டு பழகியதற்கு ஆட்டிறைச்சியோ முயலிறைச்சியோ பொருந்தும். உப்பும் சரக்கும் சேராது அவித்துக் கொடுக்க. இடையில் அன்புமிகுதியால் யாரேனும் ஒரு கருவாட்டுத் துண்டை எறிந்தாற் சோதனை பழுதாகும். பாட்டிமார் உள்ள வீடுகளில் இதுவே பெரிய இடர். தனி இறைச்சியிற் கல்சியம் போதாதாகையால், சோதனை முடிந்ததும் நிறைவான உணவுக்கு மாற்றிவிடல் வேண்டும்.

சோதனையுணவை மறுக்கும் பூனையைப் ‘பசித்தால் தின்னும்’ என்று பட்டினி போடலாகாது. சில நாட்கள் உண்ணாதிருந்தாலே, சிறப்பாகக் கொழுத்த பூனையின் ஈரலில் கொழுப்புத் தேங்கி உயிருக்கே இடராகும். வீட்டிலுள்ள பரசிற்றமோல் குளிசையைக் கொடுத்தல் அதனினும் கொடிது. அம்மருந்தின் நஞ்சை நீக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இன்மையால் ஒரு குளிசையே உயிரைப் போக்கவல்லது. வாய்க்குள்ளோ மலவாயிலோ தையல் நூல் தெரிந்தால் அதனை இழுக்காது உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்க; மறுமுனை குடலிற் சிக்கியிருப்பின் இழுக்குந்தோறும் குடலை அறுக்கும்.

உணவு மாற்றத்தாற் குணமாகாதவிடத்து வைத்தியர் குருதியில் விற்றமின் பி 12 இன் அளவைப் பார்ப்பார். நோயுற்ற குடல் அதனை உறிஞ்ச மாட்டாது; அது குறைந்துள்ளவரை மற்றைச் சிகிச்சைகளும் செவ்வனே பலிப்பதில்லை. ஊசி மூலம் அதனை ஈடுசெய்தல் எளிது. அழற்சியைத் தணிக்கப் பிரெட்னிசொலோன் வழங்குவர். ஆயின் குடற்றுண்டைச் சோதிக்கும் எண்ணமிருப்பின், அம்மருந்தை முன்னரே தொடங்குதல் அழற்சியையும் புற்றுநோயையும் பிரித்தறிதலைக் கடினமாக்கும். இதனை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டறிதல் நன்று. இலிம்போமா என்ற பெயரைக் கேட்டதும் நம்பிக்கை இழப்போர் பலர். அதன் சிறுகல வகை மெல்லென வளர்வது. பிரெட்னிசொலோனுடன் குளோரம்பியூசில் குளிசையைக் கொடுத்துவர, இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் நலமே வாழ்ந்த பூனைகள் பல. அக்குளிசையைக் கையுறை அணிந்தே எடுக்க வேண்டும். உடைத்தலும் பொடித்தலும் ஆகா.